13 வயதுப் பையனை ரீஜிஸ் பள்ளிக்கு எழுதச் சொல்லலாமா?

முத்துக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். ஒன்பது ஆண்டுகளாக, நியூயார்க்குக்கு ஆற்றின் அக்கரையில், ஜெர்சி சிட்டியில் இருக்கிறோம். மகன் எங்கள் பங்குக் கோயில் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடிக்கப்போகிறான். போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத் தந்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நியூயார்க் மன்ஹாட்டனில் ரீஜிஸ் என்று ஒரு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. இயேசு சபைக் குருக்கள் (ஜெசுயிட்) நடத்துவது. ஃபீஸ் ஒரு காசு கிடையாது. உங்கள் பையன் நுழைவுத் தேர்வு எழுதிப் பார்க்கட்டும்" என்றார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. நான் விசாரித்த மற்ற கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுக்கு இருபதாயிரம் டாலரைத் தாண்டுகிறது. நான் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன், மனைவி முதியோர் இல்லத்தில் உதவியாளர். அந்தத் தொகையெல்லாம் எங்களால் ஆகாத காரியம்.

இது எப்படி இலவசமாக நடக்கிறது? படிப்பு எப்படி இருக்கும்? தினமும் ஆற்றைத் தாண்டிப் போய்வரச் சின்னப் பையனால் முடியுமா? அப்புறம், இந்த மாதிரிப் பள்ளிகளை 'காலேஜ் பிரிபரேட்டரி' என்கிறார்களே, அது நம் ஊர் கோச்சிங் சென்டர் மாதிரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

முத்துக்கரை அண்ணா, ஃபாதர் சொன்னது உண்மைதான். நான் பாஸ்டனில் இருக்கிறேன். அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ரீஜிஸ் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

நியூயார்க்கில் ஹியூ கிராண்ட் என்றொரு மேயர் இருந்தார், 1889 முதல் 1892 வரை. ஐரிஷ் கத்தோலிக்கர். 1910இல் இறந்துபோனார். அவர் மனைவி ஜூலியா கிராண்ட் தன் பங்கான புனித இஞ்ஞாசியார் கோயிலின் பங்குத் தந்தை டேவிட் ஹெர்னிடம், கத்தோலிக்கப் பையன்களுக்கு ஒரு பள்ளி கட்டத் தேவையான பணத்தைக் கொடுத்தார். கட்டணம் கொடுத்துப் படிக்க வழியில்லாத வீட்டுப் பையன்கள் முக்கியமாக மனதில் இருக்க வேண்டும், ஒருவரிடமும் ஃபீஸ் வாங்கக் கூடாது, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியக் கூடாது. இவ்வளவுதான் அவர் கேட்டது. பள்ளி 1914இல் திறந்தது. பல பத்தாண்டுகள் அங்கே படித்தவர்களுக்கே அந்த அம்மாளின் பெயர் தெரியாது, 'நிறுவனர் அம்மையார்' என்று மட்டும்தான் சொல்வார்கள். அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு ஒரு கல்வெட்டுகூட வேண்டாம் என்றிருக்கிறார். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனம் நெகிழும்.

பள்ளிக்கு வைத்த பெயரையும் கவனியுங்கள். ஜான் பிரான்சிஸ் ரீஜிஸ் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மலைக் கிராமங்களில் ஏழைகளிடையே வேலை செய்து அங்கேயே இறந்த இயேசு சபைக் குருவானவர்.

கட்டடம் 84ஆம் தெருவில், பார்க் அவென்யூவுக்கும் மேடிசன் அவென்யூவுக்கும் நடுவில். நியூயார்க்கிலேயே பணக்காரப் பகுதி அது. அதே பங்கில், எட்டிப்பிடிக்கும் தூரத்தில், இயேசு சபையினரின் லயோலா பள்ளியும் இருக்கிறது. அது 1900இல் தொடங்கியது, கட்டணம் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு பள்ளி இருந்த இடத்தில்தான், பதினான்கு ஆண்டு கழித்து, பக்கத்திலேயே இலவசப் பள்ளி எழும்பியது.

இன்றைக்கும் கட்டணம் கிடையாது. முதலீட்டு நிதியும் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் தரும் பணமும் செலவைத் தாங்குகின்றன. மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம் பையன்கள்தான்.


செல்வி_குயின்ஸ் எழுதியது:

பையன்கள்.

என் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரில் பெண்தான் படிப்பில் கெட்டி. நாங்கள் இந்துக்கள். இந்த இழையைப் படித்துவிட்டு ஆசையோடு விதிகளைப் பார்த்தேன். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற கத்தோலிக்கப் பையன்கள் மட்டும் என்றிருக்கிறது. அந்த அம்மாள் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண் கொடுத்த பணத்தில், நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு பெண் பிள்ளைகூட உள்ளே உட்கார்ந்து படித்ததில்லை. இதை யாரும் சொல்லாமல் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.


வைகைக்கரை எழுதியது:

செல்வி அக்கா, நீங்கள் சொல்வது சரி. 1914இல் கத்தோலிக்கப் பள்ளிகள் அப்படித்தான் பிரிந்திருந்தன. பையன்கள் பள்ளிகளைக் குருக்கள் நடத்தினார்கள், பெண் பிள்ளைகள் பள்ளிகளைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். இது விளக்கம்தான், நியாயம் ஆகிவிடாது. பக்கத்திலிருக்கும் லயோலா 1973இலிருந்து பெண்களையும் சேர்க்கிறது. ரீஜிஸ் மாறவில்லை.

கத்தோலிக்கர் மட்டும் என்பதற்கு வேறு பின்னணி உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் இங்கே பொதுப்பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் விவிலியம்தான் வாசிப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் விவிலியத்தை வாசிக்கலாமா என்ற தகராறு முற்றி, 1844இல் பிலடெல்பியாவில் கலவரமே வந்தது. கோயில்கள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்) ஒவ்வொரு பங்கிலும் பள்ளி கட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆரிகன் மாநிலம் எல்லாப் பிள்ளைகளும் பொதுப்பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டமே போட்டது. அதை உச்ச நீதிமன்றம் 1925இல்தான் தள்ளியது. இப்படியொரு காலத்தில் கிராண்ட் அம்மாள் தன் சமூகத்துப் பிள்ளைகளை நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.


செல்வி_குயின்ஸ் எழுதியது:

புரிகிறது தம்பி. அந்தக் காலத்துக்கு அது சரி. இன்றைக்கு நியூயார்க்கில் ஒதுக்கப்படுகிறவர்கள் வேறு ஆட்கள், அதுதான் என் வருத்தம்.


பாளை_சவேரியான் எழுதியது:

பாளையங்கோட்டையில் சேசு சபையாரிடம், அதாவது இயேசு சபையினரிடம் படித்து, பிறகு முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்காவைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அவர்கள் பாடம் நடத்துகிற முறை எந்த ஊரிலும் ஒரே வேரிலிருந்து வந்தது என்பதால் எழுதுகிறேன்.

சபையார் சபையில் சேராத வெளிப் பிள்ளைகளுக்காக முதன்முதலில் பள்ளி திறந்தது சிசிலியின் மெசினாவில், 1548இல். அரை நூற்றாண்டு அனுபவத்தைத் திரட்டி 1599இல் ஒரு கல்வித் திட்ட நூலை வெளியிட்டார்கள். எந்த வகுப்பில் எதைப் படிக்க வேண்டும், ஆசிரியர் எப்படி நடத்த வேண்டும், பரீட்சை எப்படி வைக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. முதலில் லத்தீன் இலக்கணம், பிறகு இலக்கியம், அதற்கு மேலே சொல்வன்மை. இதுதான் படிக்கட்டு.

அதில் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. வீட்டுப்பாடம் கொடுப்பதற்கு முன்னால் ஆசிரியரே அந்தப் பகுதியை வகுப்பில் வாசித்து, கடினமான இடம் எது, எதைக் கவனிக்க வேண்டும் என்று காட்டிவிடுவார். வெறுங்கையோடு பையனைப் புதுப் பாடத்துக்குள் தள்ள மாட்டார்கள். மறுநாள் முந்தைய பாடத்தை ஒப்பிக்க வேண்டும். வாரக் கடைசியில் வாரம் முழுதும் படித்ததைத் திருப்ப வேண்டும். எழுதியதை நின்று பேசிக்காட்ட வேண்டும். எங்கள் தமிழய்யா இதைத்தான் செய்தார். கம்பனில் நாளைக்கு நடத்தப்போகும் பாட்டை இன்றைக்கே ஒருமுறை ராகத்தோடு வாசித்துவிட்டுப் போவார். ராத்திரி அந்தப் பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் பொருள் சொல்லும்போது பாதி ஏற்கெனவே புரிந்திருக்கும். அந்த முறை எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பரீட்சைத் தாளின் மேலே நாங்கள் ஏ.எம்.டி.ஜி. என்று எழுதுவோம். இறைவனின் மேலான மகிமைக்காக என்று பொருள். அமெரிக்காவிலும் சபையார் பள்ளிப் பிள்ளைகள் இதையே எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷமாக இருந்தது.


இளவேனில் எழுதியது:

ஐயா சொன்ன பழக்கம் அருமை. ஆனால் இந்தக் காலத்தில் லத்தீனெல்லாம் எதற்கு? அந்த நேரத்தில் கணினி கற்றுக்கொடுக்கலாமே?


பாளை_சவேரியான் எழுதியது:

வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீனில் இலக்கணம் எழுதினார். லத்தீனில் பழகிய புத்தி இருந்ததால்தான் தமிழின் வேற்றுமைகளையும் வினைமுற்றுகளையும் அவரால் அத்தனை சீக்கிரம் பிரித்துப் பார்க்க முடிந்தது என்பது என் எண்ணம். ஒரு மொழியின் எலும்புக்கூட்டைப் பார்த்தவனுக்கு அடுத்த மொழி பயம் தராது, தம்பி. கணினியும் கற்றுக்கொள்ளட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.


வைகைக்கரை எழுதியது:

இளவேனில் கேட்ட கேள்விக்காக அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

ஹார்வர்டின் தலைவராக நாற்பது ஆண்டு இருந்தவர் சார்லஸ் எலியட். மாணவனே தனக்கு வேண்டிய பாடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பது அவர் கொள்கை. இயேசு சபைக் கல்லூரிகளோ எல்லோரும் ஒரே வரிசையில் லத்தீன், கிரேக்கம், தத்துவம் படிக்க வேண்டும் என்றன. ஹார்வர்டு சட்டப் பள்ளி, எந்தக் கல்லூரிப் பட்டதாரிகளைத் தேர்வில்லாமல் சேர்ப்பது என்று 1890களில் பட்டியல் போட்டபோது பெரும்பாலான இயேசு சபைக் கல்லூரிகள் அதில் இடம்பெறவில்லை. எலியட் 1899இல் ஒரு கட்டுரையில், இவர்களுடைய பாடத்திட்டம் நூற்றாண்டுக் கணக்காக மாறவே இல்லை என்று எழுதினார். பாஸ்டன் கல்லூரியில் முன்பு தலைவராக இருந்த திமோத்தி பிராஸ்னஹன் என்ற குருவானவர் அதற்கு வரிக்கு வரி மறுப்பு எழுதினார்.

'காலேஜ் பிரிபரேட்டரி' என்ற சொல்லுக்கும் இந்தச் சண்டைக்கும் தொடர்பு இருக்கிறது. முத்துக்கரை அண்ணா, கோச்சிங் சென்டர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினரின் 'கல்லூரி' என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உள்ளே போகும் பையன் ஆறேழு ஆண்டு கழித்துப் பட்டத்தோடு வெளியே வரும் ஒரே ஏணி. அமெரிக்காவிலோ நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளி, பிறகு நான்கு ஆண்டு கல்லூரி என்ற கணக்கு கெட்டிப்பட்டுவிட்டது. பழைய ஏணி அதற்குப் பொருந்தவில்லை. கடைசியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏணியை நடுவில் வெட்டினார்கள். மேல் பாதி பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கீழ்ப் பாதி கல்லூரிக்குத் தயார் செய்யும் பள்ளியாக நின்றது.

எங்கள் ஊரிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். பாஸ்டன் கல்லூரியும் பாஸ்டன் கல்லூரி உயர்நிலைப் பள்ளியும் 1863ஐத்தான் பிறந்த ஆண்டாகச் சொல்கின்றன. 1913இல் கல்லூரி மட்டும் செஸ்ட்நட் ஹில் பக்கம் குடிபோனது, பள்ளி பழைய இடத்திலேயே தங்கியது. கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்கும் பெல்லார்மின் காலேஜ் பிரிபரேட்டரிக்கும் பிறந்த ஆண்டு ஒன்றே, 1851. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமும் அங்கிருக்கும் புனித இஞ்ஞாசியார் காலேஜ் பிரிபரேட்டரியும் 1855. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

ரீஜிஸ் அப்படிப் பிரிந்து வந்ததில்லை, முதல் நாளிலிருந்தே உயர்நிலைப் பள்ளிதான். ஆனால் படிப்பு அதே மரபில் வந்தது. இறையியல், ஆங்கிலம், கணக்கு, வரலாறு, அறிவியல், மொழி எல்லாம் உண்டு. விவாதக் கழகம் மிகப் பலமானது, அதன் பெயரே ஹெர்ன் கழகம், அந்தப் பங்குத் தந்தையின் நினைவாக. நாட்டிலுள்ள விவாதப் போட்டிகளில் இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும்.


முத்துக்கரை எழுதியது:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. பையனுக்கு வாசித்துக் காட்டினேன். எலியட் சண்டையைக் கேட்டுவிட்டு, "அப்பா, ரெண்டு பேர் சொல்றதும் சரிதானே" என்றான்.

எனக்குப் பெரிய கவலை தூரம்தான். நாங்கள் ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் இருக்கிறோம்.


கணக்கு_வாத்தியார் எழுதியது:

தூரத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆண்டனி ஃபாச்சியை எல்லோருக்கும் தெரியும், கொரோனா காலத்தில் தினமும் தொலைக்காட்சியில் வந்த மருத்துவர். 1958இல் ரீஜிஸில் படிப்பை முடித்தவர். புரூக்ளினில் அவர் அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார், குடும்பம் கடைக்கு மேலே குடியிருந்தது. பையன் சைக்கிளில் போய் வீடு வீடாக மருந்து கொடுத்துவிட்டு வருவான். பள்ளிக்குப் பஸ், பிறகு சப்வே, ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். லத்தீன், கிரேக்கம் எல்லாம் படித்தார், பேஸ்கெட்பால் அணிக்குத் தலைவராகவும் இருந்தார், அதுவும் அவ்வளவு குட்டையான உயரத்தில். தெளிவாக நினைக்கவும் சுருக்கமாகச் சொல்லவும் இயேசு சபையினரிடம் கற்றுக்கொண்டேன் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கிருமியியலை நாட்டுக்கே புரியும்படி பேசினாரே, அது நின்று பேசிக்காட்டும் பயிற்சி என்றுதான் எனக்குத் தோன்றியது. பாளை ஐயா சொன்ன அதே படிக்கட்டு.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு இயேசு சபைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். என் வகுப்பிலும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் உண்டு. முதல் இரண்டு மாதம் வகுப்பில் தூங்கி வழிவார்கள். அப்புறம் பஸ்ஸிலேயே படிக்கப் பழகிவிடுவார்கள்.


இளவேனில் எழுதியது:

ஃபாச்சி கதை நன்றாகத்தான் இருக்கிறது. நான் வேறொன்று கேட்க வேண்டும். ஏழாம் வகுப்பு மதிப்பெண் மிக உயர்ந்ததாக இருக்க வேண்டும், பிறகு ஒரு தேர்வு, பிறகு நேர்காணல். 13 வயதில் இதையெல்லாம் தாண்டுகிற பையன் யார்? வீட்டில் புத்தகம் இருக்கிறவன், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவன், சனிக்கிழமை டியூஷன் போகிறவன். கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் கதவு ஏழைக்குத் திறந்துவிடுமா? எங்கள் மாவட்டத்தில் இலவச விடுதிப் பள்ளி ஒன்றுக்கு நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டு மதிப்பெண்ணில் போனவன் நான். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அந்த வலி இன்னும் இருக்கிறது.


கணக்கு_வாத்தியார் எழுதியது:

இளவேனில், உங்கள் கேள்வி என் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. ரீஜிஸ்காரர்களுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். 2002இல் ரீச் என்றொரு திட்டம் ஆரம்பித்தார்கள். வருமானம் குறைந்த கத்தோலிக்க வீட்டுப் பையன்களை நடுநிலைப் பள்ளி வயதிலேயே எடுத்து, கோடை விடுமுறையிலும் மற்ற நாட்களிலும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்து, ரீஜிஸ் மாதிரிப் பள்ளிகளுக்குத் தயார் செய்கிறார்கள். 13 வயதில் வைக்கும் தேர்வு மட்டும் போதாது, அதற்கு முன்னாலேயே கை கொடுக்க வேண்டும் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான் இது.

ஆனால் வேறு வழியும் இருக்கிறது. செல்வி அக்கா, இது உங்களுக்கும் சேர்த்து.

சிகாகோவில் பில்சன் என்ற பகுதி, மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் இருக்கும் இடம். அங்கே இயேசு சபையினர் வீடு வீடாகப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்றார்கள் மக்கள். கட்டணம் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. கிராண்ட் அம்மாள் மாதிரிக் கொடுக்க ஆளும் இல்லை. பெரு நாட்டில் பல பத்தாண்டுகள் வேலை செய்துவிட்டு வந்த ஜான் ஃபோலி என்ற குருவானவரை அழைத்து, 1996இல் கிறிஸ்டோ ரே என்ற பள்ளியைத் திறந்தார்கள். பணத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பிள்ளைகளே அலுவலகங்களில் வேலை பார்ப்பது. வங்கி, சட்ட அலுவலகம், மருத்துவமனை என்று பல இடங்களில் ஒரு முழுநேர வேலையை நான்கு பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கு மாதம் ஐந்து நாள் வேலை, மற்ற நாட்கள் படிப்பு. சம்பளம் நேராகப் பள்ளிக்குப் போய்விடும், படிப்புச் செலவில் பெரும்பகுதி அதில் கழிந்துவிடும். வேலைக்குப் போகும் நாளில் படிப்பு விடுபடக் கூடாது என்பதற்காகப் பள்ளி நேரத்தை நீட்டிவிட்டார்கள்.

இன்றைக்கு நாடு முழுவதும் சுமார் நாற்பது பள்ளிகள் இந்த முறையில் நடக்கின்றன. நியூயார்க்கில் கிழக்கு ஹார்லமில் ஒன்று 2004இல் திறந்தது. பெண் பிள்ளைகளும் படிக்கலாம். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. வருமானம் குறைந்த குடும்பமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியமான விதி.


இளவேனில் எழுதியது:

14 வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிப் படிக்க வைப்பதா? பக்கத்திலிருக்கும் பணக்காரப் பள்ளியில் ஒரு பிள்ளையும் தன் ஃபீஸுக்காக ஃபைல் அடுக்குவதில்லை. மன்னிக்கவும், என் மனம் ஒப்பவில்லை.


கணக்கு_வாத்தியார் எழுதியது:

முதலில் எனக்கும் ஒப்பவில்லை. என் பழைய சக ஆசிரியை ஒருவர் அப்படியொரு பள்ளிக்கு மாறிப் போனார். அவர் சொன்னது இது. பிள்ளைகள் அந்த உயரமான கட்டடங்களை அதுவரை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தார்கள், அங்கே துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாவின் வழியாகத்தான் தெரியும். இப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு முன்வாசல் வழியாக உள்ளே போகிறார்கள், பெயர் சொல்லி நாலு பேர் கூப்பிடுகிறார்கள். ஒரு மாணவி லிஃப்டில் நிற்கும்போது எப்படி நிற்பது என்றுகூட முதல் வாரம் பயந்தாளாம். நான்காம் ஆண்டில் புதுப் பிள்ளைகளுக்கு அவள்தான் சுற்றிக்காட்டினாளாம்.

நீங்கள் சொல்லும் அநியாயம் அப்படியேதான் இருக்கிறது, மறுக்கவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை அந்த ஐந்து நாளும் படிக்கிறான் அல்லது விளையாடுகிறான். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.


பாளை_சவேரியான் எழுதியது:

இதே கேள்வியைச் சபைத் தலைவரே தன் பழைய மாணவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். 1973இல் ஸ்பெயினில் வலென்சியா நகரில் பழைய மாணவர் மாநாடு. பேசியவர் பெத்ரோ அருப்பே. நாங்கள் உங்களுக்கு நீதியைக் கற்றுக்கொடுத்தோமா என்று கேட்டு, இல்லை, போதுமான அளவு கற்றுக்கொடுக்கவில்லை என்று அவரே பதிலும் சொன்னார். இனிப் பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே எங்கள் கல்வியின் நோக்கம் என்றார். வந்திருந்தவர்களில் பலர் வசதியானவர்கள், சிலருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு உலகம் முழுவதும் சபையார் பள்ளிகளில் அந்தச் சொல்தான் சுவரில் இருக்கிறது. பிள்ளைகள் சேவைக்குப் போவது பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆனது.

சுவரில் இருப்பது போதுமா என்று இளவேனில் கேட்பார். கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான்.


செல்வி_குயின்ஸ் எழுதியது:

கணக்கு சார், கிழக்கு ஹார்லம் பள்ளியைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதே இல்லை. என் கணவர் டாக்ஸி ஓட்டுகிறார், வருமான விதிக்குள் வந்துவிடுவோம் என்று நினைக்கிறேன். நான் இதுவரை நகரத்தின் தேர்வு எழுதிச் சேரும் பொதுப்பள்ளிகளைத்தான் நம்பியிருந்தேன், ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ் மாதிரி. அங்கேயும் ஒரே நாள், ஒரே தேர்வு. இரண்டு பிள்ளைகளையும் அதற்குத் தயார் செய்கிறேன். பெண்ணிடம் இதைச் சொன்னேன். அலுவலகத்தில் வேலை என்றதும் கண் விரிந்தது. "ஐந்து நாள் யார் யார் கூட வேலை பார்க்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வேலைக்குப் போகும் நாளில் என்ன உடுத்த வேண்டும்?


கணக்கு_வாத்தியார் எழுதியது:

அலுவலகத்துக்குப் பெரியவர்கள் போகிற மாதிரிதான், அக்கா. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே கோடையில் பயிற்சி வைப்பார்கள். எப்படிக் கை குலுக்குவது, மின்னஞ்சல் எப்படி எழுதுவது, தொலைபேசியை எப்படி எடுப்பது என்பதிலிருந்து தொடங்குவார்கள். பயப்பட வேண்டாம். பள்ளியைச் சுற்றிக்காட்டும் நாள் எப்போது என்று கேட்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.


முத்துக்கரை எழுதியது:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஷிஃப்ட் மாறியதில் எதற்கும் நேரமில்லை.

கோடையில் ஒரு நாள் காலை, வேலைக்குப் போகும் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, நானும் பையனும் போய்வந்தோம். ஜர்னல் ஸ்கொயரில் ஆற்றுக்கு அடியில் போகும் பாத் ரயில் ஏறி வேர்ல்டு டிரேட் சென்டர். அங்கிருந்து ஃபுல்டன் தெருவுக்கு நடந்து 4ஆம் எண் சப்வே, 86ஆம் தெருவில் இறக்கம். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஒரு மணி எட்டு நிமிடம். பையன் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே வந்தான். திரும்பும்போது, "நீ வழி சொல்லாதே, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். சரியாகக் கொண்டுவந்து சேர்த்தான்.

பள்ளி வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். பக்கத்தில் இஞ்ஞாசியார் கோயில் திறந்திருந்தது, உள்ளே போய் மெழுகுதிரி ஏற்றினோம். வைகைக்கரை தம்பி, நீங்கள் சொன்ன அந்த அம்மாளுக்காக ஒன்று ஏற்றினேன்.

செல்வி அக்காவும் இளவேனிலும் சொன்னதையெல்லாம் நான் மறக்கவில்லை. என் பையனுக்குத் திறக்கும் கதவு அக்கா வீட்டுப் பெண்ணுக்குத் திறக்காது என்பது எனக்கும் உறுத்துகிறது. இவன் தேறுவானா என்பதும் தெரியாது. தேறாவிட்டாலும் பரவாயில்லை, எழுதட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

விண்ணப்பத்துக்குத் தன் கைப்பட ஒரு கட்டுரை எழுதிப் பழகுகிறான். உப்பளத்தில் வேலை பார்த்த என் அப்பாவைப் பற்றி எழுதப்போகிறானாம். அப்பாவை அவன் பார்த்ததே இல்லை. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு ஊருக்கு போன் போட்டான். அங்கே விடிகாலை ஐந்தரை, அம்மா முதல் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தாத்தா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார், உப்பை எதை வைத்து வாருவார், காலில் என்ன போட்டுக்கொள்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். அம்மா பூசைக்கே போகவில்லை.


செல்வி_குயின்ஸ் எழுதியது:

அண்ணா, உங்கள் பையன் தேற வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் கிழக்கு ஹார்லம் போய்ப் பார்த்தோம். பெண் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். நகரத் தேர்வையும் விடவில்லை.


பாளை_சவேரியான் எழுதியது:

முத்துக்கரை, முதல் தாளின் மேலே ஏ.எம்.டி.ஜி. எழுதச் சொல்லுங்கள்.


முத்துக்கரை எழுதியது:

எழுதிவிட்டான் ஐயா. உங்கள் பதிவைப் படித்த அன்றைக்கே கணக்கு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டான்.